டேலி தெரியும், எக்செல்லும் ஃபைனான்ஸும் எங்கே படிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள். டேலி நன்றாகத் தெரியும். எக்செல்லில் கூட்டல், ஃபில்டர், கொஞ்சம் விலுக்கப் (ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபார்முலா), அவ்வளவுதான். முதலாளி இப்போது மாதக் கடைசியில் எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் (நிர்வாகம் பார்க்கும் கணக்குச் சுருக்கம்) கேட்கிறார், பேங்க் மேனேஜர் வந்தால் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். பக்கத்தில் ஒரு சென்டரில் 'அட்வான்ஸ்டு எக்செல் வித் ஃபைனான்சியல் மாடலிங்' என்று ஆறு மாதப் படிப்பு, 45,000 ரூபாய். சேரலாமா, இல்லை வேறு எங்காவது படிக்கலாமா? சான்றிதழ் இல்லாமல் வேறு கம்பெனியில் எடுப்பார்களா?

இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தச் சென்டர் எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் அதைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு தனித்தனிப் பாடங்கள்; அங்கே இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். எக்செல் பாடம் இன்று கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கிறது. ஃபைனான்ஸ் பாடத்தில் அவர்கள் சொல்லித்தரப்போவது பெரும்பாலும் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியை மதிப்பிடுவது எப்படி என்பது. அது நல்ல வித்தைதான். ஆனால் உங்கள் முதலாளி கேட்கப்போவது அதை அல்ல. "இந்த ஆர்டரில் பீஸுக்கு எவ்வளவு நிற்கும்?", "தீபாவளி போனஸுக்குக் கையில் பணம் இருக்குமா?", "இந்த மெஷினுக்கு லோன் போட்டால் கட்டிக்கொண்டு வர முடியுமா?" இப்படித்தான் கேட்பார்.

அதனால் படிப்பைத் தேடும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். போன மூன்று மாதத்தில் உங்களிடம் கேட்டு நீங்கள் திணறிய கணக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஆடிட்டர் கேட்டது, பேங்க் கேட்டது, முதலாளி கேட்டது எல்லாம் அதில் வரட்டும். அந்தத் தாள்தான் உங்கள் பாடத்திட்டம். எந்தச் சென்டரின் நோட்டீஸைப் பார்த்தாலும், எந்த ஆன்லைன் கோர்ஸைப் பார்த்தாலும், அந்தத் தாளில் உள்ளதில் எத்தனை அங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எதைத் தேட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி, அதாவது சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல், ஜி.எஸ்.டி. தளத்தில் வந்துவிடுகிறது. எக்செல் ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். டேலியில் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரைத் திறந்து ஆல்ட்+இ தட்டினால் அதுவும் எக்செல்லாக வந்துவிடும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். நம்மிடம் இருந்து 2பி-யில் இல்லாத பில் எது, அங்கே இருந்து நம் புத்தகத்தில் ஏறாத பில் எது, இரண்டிலும் இருந்து தொகை மாறுவது எது என்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், இது நேராகப் பணத்தில் கை வைக்கிற வேலை.

இதற்கு விலுக்கப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பாதி பில் கிடைக்கவில்லை என்று வந்திருக்கும். காரணம் ஃபார்முலாவில் இல்லை. நூல் மில்காரர் பில் நம்பரை 0457 என்று ஏற்றியிருப்பார், நம் ஆள் டேலியில் 457 என்று அடித்திருப்பார். ஒரு பக்கம் எண்ணாக இருக்கும், மறுபக்கம் அதே எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், எக்செல்லுக்கு வேறு வேறு. சில பெயர்களுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது, கிடைத்ததாக வந்து தப்பாக இருப்பது. டையிங் யூனிட்டுக்கும் அட்டைப்பெட்டிக்காரருக்கும் ஒரே மாதத்தில் 112 என்று பில் நம்பர் இருந்தால், விலுக்கப் மேலே முதலில் எது இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து ஒரே சாவியாக்கித்தான் தேட வேண்டும்.

அந்த ஜி.எஸ்.டி. எண்ணே ஒரு நல்ல பயிற்சி. மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவது இடத்திலிருந்து பத்து எழுத்து அந்த ஆளின் பான். இடது ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் எழுத்தை வெட்டி எடுக்கும் லெஃப்ட், மிட் என்ற இரண்டு சின்ன ஃபார்முலாவை வைத்தே எந்த சப்ளையர் வெளிமாநிலம், எந்த பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) வந்திருக்க வேண்டும், ஒரே பானில் இரண்டு பதிவு வைத்திருப்பவர் யார் என்றெல்லாம் பிரித்துவிடலாம். இதே ஒப்பீட்டைப் பவர் குவெரி என்ற எக்செல் வசதியில் ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் அடுத்த மாதம் புது ஃபைலைப் பழைய இடத்தில் போட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். எக்செல் 2016 முதல் அது உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

இப்போது அந்தச் சென்டருக்குப் போய் இதைக் கேளுங்கள்: "அழுக்கு டேட்டாவைச் சுத்தம் பண்ணுவதற்கு எத்தனை வகுப்பு?" பெரும்பாலான இடங்களில் பயிற்சிக்குத் தரும் ஃபைலில் பத்து பையன்கள், ஐந்து பாடம், மார்க் லிஸ்ட் இருக்கும். எல்லாம் பளிச்சென்று நேராக இருக்கும். அதில் விலுக்கப் அருமையாக வேலை செய்யும். ஆபீஸுக்கு வந்து டேலி ஃபைலைத் திறந்தால் கை நின்றுவிடும்.

இன்னொன்று, வெர்ஷன். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன எக்செல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விலுக்கப்பின் புது வடிவமான எக்ஸ்லுக்கப் என்ற ஃபார்முலா 2021 முதலான வெர்ஷன்களிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் இருக்கிறது; 2016, 2019-ல் கிடையாது. வகுப்பில் அதையே பழகிவிட்டு ஆபீஸில் தேடினால் இருக்காது. அப்போது இன்டெக்ஸ், மேட்ச் இரண்டும் சேர்த்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும். வெர்ஷன் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவில் இறக்கினார்கள், அந்த வடிவில் ஒரு ஷீட்டில் 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை ஏறவே இல்லை, கிட்டத்தட்ட 16,000 பேரின் முடிவு சில நாட்களுக்குக் கணக்கில் வராமல் போனது. இன்றைய வடிவில் 10,48,576 வரிசை கொள்ளும். சில கம்பெனிகளில் பழைய மென்பொருள் இன்றும் எக்ஸ்.எல்.எஸ். ஃபைலைத்தான் துப்புகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எக்செல்லை எங்கே படிப்பது? தமிழில் வேண்டுமென்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தைப் பாருங்கள். அதில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலோடு இருக்கின்றன, இலவசம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். ஒரு பக்கம் வீடியோவை ஓடவிட்டு இன்னொரு பக்கம் நீங்களும் கூடவே செய்து பார்க்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கால்க் வேறு, எக்செல் வேறுதான். ஆனால் செல் முகவரி, டாலர் குறி போட்டுப் பூட்டுவது, இஃப் ஃபார்முலா, வரிசைப்படுத்துவது எல்லாம் இரண்டிலும் ஒன்றே. அடிப்படை ஆட்டம் கண்டிருக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால் இங்கிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் தாண்டிப் போகலாம்.

ஆங்கிலம் ஓரளவு பிடிபடும் என்றால், யூடியூபில் 'எக்செல் இஸ் ஃபன்' என்ற சேனலை நடத்தும் மைக் கிர்வினைச் சொல்வேன். அமெரிக்காவில் சியாட்டல் பக்கம் ஹைலைன் கல்லூரியில் பாடம் எடுத்தவர். தன் கல்லூரி வகுப்பையே வரிசையாகப் போட்டிருக்கிறார். அவரை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் பயிற்சி ஃபைல்தான்; தொடங்கும் ஃபைல், முடித்த ஃபைல் இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். வீடியோவை மட்டும் பார்த்து எக்செல் படித்தவர் யாரும் கிடையாது. பேச்சு வேகமாக இருந்தால் 0.75-ல் வைத்து, எழுத்து வசனத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கும்போது வரிசையாக முதல் வீடியோவிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் தாளில் உள்ள கணக்குக்கு எது வேண்டுமோ அதை எடுங்கள்: பிவட் டேபிள் (தொகுத்துச் சுருக்குவது), சம்இஃப்ஸ் (நிபந்தனைப்படி கூட்டுவது), டெக்ஸ்ட் டு காலம்ஸ் (ஒரே செல்லில் உள்ளதைப் பல செல்லாகப் பிரிப்பது), பவர் குவெரி. இந்த நாலும் கைவந்தால் ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸில் வரும் ரிப்போர்ட்டில் பெரும்பகுதியைப் போட்டுவிடலாம்.

ஒழுங்காக, வாரா வாரம் வீட்டுப்பாடத்தோடு, கடைசியில் ஒரு சான்றிதழோடு வேண்டும் என்றால் கோர்சேரா என்ற ஆன்லைன் தளத்தில் சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகம் நடத்தும் 'எக்செல் ஸ்கில்ஸ் ஃபார் பிசினஸ்' இருக்கிறது. நாலு கட்டம். கடைசி இரண்டு கட்டம்தான் உங்களுக்கு நிஜமான வேலை. கட்டணம் கட்ட முடியாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்; ஏன் வேண்டும் என்று நாலு வரி ஒழுங்காக எழுதினால் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு குறை, வெளிநாட்டுப் பாடங்களில் லட்சம், கோடி கிடையாது. கமா மில்லியன் கணக்கில் விழும். விண்டோஸில் ரீஜனை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றி வைத்துவிட்டால் 12,50,000 என்று நம் முறையில் வந்துவிடும். தேதியும் அப்போதே நாள், மாதம், வருடம் என்று சரியாகிவிடும். தேதி தலைகீழாக ஏறிய பாக்கி லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேக்ரோ, வி.பி.ஏ. (எக்செல்லைத் தானாக வேலை செய்ய வைக்க எழுதும் நிரல்) எல்லாம் வேண்டுமா என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். ஒருத்தர் ஆசையாக மேக்ரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடுவார். அடுத்து வருபவர் அந்த ஃபைலைத் தொடவே பயப்படுவார். நிறைய ஆபீஸில் நடக்கிறது. பவர் குவெரியில் ஒவ்வொரு படியும் ஓரத்தில் பெயரோடு தெரியும், அடுத்தவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இனி ஃபைனான்ஸ். உண்மையில் உங்களுக்கு இடைவெளி இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். பி.காம்.மில் எல்லாம் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். ஆனால் சொந்தக் கம்பெனிக் கணக்கில் போட்டுப் பார்த்ததில்லை.

காஸ்டிங்கையே எடுங்கள். முடிந்த துணி 100 கிலோ வேண்டும், நூலைப் பின்னும் நிட்டிங்கிலிருந்து கடைசி வேலையான காம்பாக்டிங் வரை ப்ராசஸ் லாஸ் (வழியில் கழிவது) 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நூல் வாங்க வேண்டும்? பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் 110 கிலோ என்பார்கள். 110 கிலோவில் 10 சதவீதம் போனால் மிஞ்சுவது 99 கிலோதான். 100-ஐ 0.90-ஆல் வகுக்க வேண்டும், 111.11 கிலோ. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பத்து டன் ஆர்டரில் நூறு கிலோவுக்கு மேல் நூல் குறையும். அதே மாதிரி 100 ரூபாய் அடக்கத்தை 125-க்கு விற்றால் லாபம் 25 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அடக்கத்தின் மேல் பார்த்தால் 25, விலையில் பார்த்தால் 20. துணி வாங்கும் பையருக்கு விலையில் 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் போவது 6.25 ரூபாய், அதாவது நமக்கு நின்ற 25 ரூபாயில் கால் பங்கு. முதலாளி போனில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது இதை ஷீட்டில் ஒரு செல்லை மாற்றி உடனே காட்ட முடிந்தால், நீங்கள் எந்தக் கோர்ஸ் முடித்தீர்கள் என்று அவர் கேட்கவே மாட்டார்.

அப்புறம் கடன். மெஷின் வாங்க 10 லட்சம், 5 வருடம், 12 சதவீதம் என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் குறையும் நிலுவைக்கு வட்டி போடுகிறார், பி.எம்.டி. ஃபார்முலாவில் மாத வட்டி 1 சதவீதம் (12 சதவீதத்தை 12-ஆல் வகுத்தது), 60 மாதம், 10 லட்சம் என்று கொடுத்தால் தவணை 22,244 ரூபாய். இன்னொருவர் 'ஃப்ளாட் ரேட்' என்கிறார். 5 வருட வட்டி 6 லட்சம், அசலோடு 16 லட்சம், 60-ஆல் வகுத்தால் 26,667. இதன் உண்மையான வட்டி என்ன? ரேட் என்ற ஃபார்முலாவில் 60, கழித்தல் 26,667, 10,00,000 என்று போட்டு 12-ஆல் பெருக்குங்கள். 20 சதவீதத்துக்கு மேல் வரும். இரண்டு பேரும் வாயால் சொன்னது 12 சதவீதம்தான். இந்த ஒரு ஃபார்முலா கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். எந்தச் சென்டருக்கும் போக வேண்டாம்.

பாக்கி வசூலில் கடன்நாள் கணக்கு. வருடம் 3.65 கோடி விற்பனை, நாளுக்கு ஒரு லட்சம். வெளியே நிற்கும் பாக்கி 90 லட்சம் என்றால் நம் பணம் சராசரி 90 நாள் அடுத்தவரிடம் இருக்கிறது. நூலுக்கு நாம் 30 நாளில் பணம் கொடுக்கிறோம் என்றால் நடுவில் உள்ள 60 நாளையும், துணி ப்ராசஸில் கிடக்கும் நாளையும் யார் பணத்தில் ஓட்டுகிறோம்? பேங்க் சி.சி. லிமிட்டில் (கேஷ் கிரெடிட், நடப்புச் செலவுக்கான கடன் வரம்பு). இதைப் புரிந்துகொண்டால்தான் லாபம் காட்டுகிற கம்பெனியில் சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் ஏன் இடிக்கிறது என்பது புரியும். கொடுக்க வேண்டிய பக்கத்திலும் இதே ஏஜிங் ஷீட் (எது எத்தனை நாள் பாக்கி என்று பிரித்த பட்டியல்) வேண்டும். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டப்படி சிறு, குறு சப்ளையர்களுக்குப் பணம் கொடுப்பது, ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது. ஜாப் ஒர்க்காரர்களில் பலர் உத்யம் பதிவு (சிறு, குறு தொழிலுக்கான அரசுப் பதிவு) வைத்திருப்பவர்கள்தான். அந்தப் பதிவு எண்ணுக்கு ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசை போட்டு வையுங்கள், மார்ச்சில் ஆடிட்டர் கட்டாயம் கேட்பார்.

கடனுக்காக பேங்க் மேனேஜர் கேட்கும் சி.எம்.ஏ. டேட்டாவை (கணக்கும் மதிப்பீடும் சேர்ந்த படிவம்) இப்போது ஆடிட்டர் ஆபீஸில் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த எக்செல் ஃபைலையே கேட்டு வாங்குங்கள், பி.டி.எஃப். வேண்டாம் என்று சொல்லுங்கள். போன வருடம், இந்த வருடம், அடுத்த வருட மதிப்பீடு என்று பக்கம் பக்கமாக இருக்கும். சிறு தொழிலுக்கு 5 கோடி வரையிலான லிமிட்டுக்கு அடுத்த வருட விற்பனை மதிப்பீட்டில் 20 சதவீதம் என்பது நாயக் கமிட்டி முறை. 4 கோடி விற்பனை என்று காட்டினால் 80 லட்சம். அந்த 4 கோடி எங்கிருந்து வந்தது, ஸ்டாக் எத்தனை நாள் என்று எடுத்திருக்கிறார்கள், அது நம் நிலவரத்துக்கு ஒத்துவருகிறதா என்று செல் செல்லாகப் பின்னால் போய்ப் பாருங்கள். உங்கள் கம்பெனியின் ஃபைனான்சியல் மாடல் அதுதான். ஆறு மாத வகுப்பில் கிடைப்பதைவிட அந்த ஒரு ஃபைலில் அதிகம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சென்டர்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குப் பின்னணியாகப் பாடம் வேண்டுமே என்றால், ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் கணக்கியல், காஸ்ட் அக்கவுண்டிங், நிதி மேலாண்மைப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவில் இருக்கும். பார்ப்பதும் வீட்டுப்பாடம் செய்வதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் 1,000 ரூபாய் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும், கோயம்புத்தூரிலேயே எழுதலாம். வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வில் 30-ம் வீட்டுப்பாடத்தில் 10-ம் எடுத்தால்தான் சான்றிதழ். நேரில் உட்கார்ந்து எழுதுவதால் இதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் காஸ்ட் அக்கவுண்டிங் எடுங்கள், நிதி மேலாண்மை அடுத்தது.

ஃபைனான்ஸை அதன் பெரிய வடிவில் பார்க்க ஆசையிருந்தால் அஸ்வத் தாமோதரன் இருக்கிறார். சென்னை லயோலாவில் பி.காம். படித்தவர், இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியில் பேராசிரியர். உலகம் முழுக்க முதலீட்டுக்காரர்கள் அவர் வகுப்பைத்தான் கேட்கிறார்கள். கணக்கியல் அடிப்படையிலிருந்து கம்பெனி மதிப்பீடு வரை எல்லாப் பாடத்தையும் எக்செல் ஃபைல்களோடு தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். 45,000 ரூபாய் சென்டரில் 'ஃபைனான்சியல் மாடலிங்' என்று வருவது ஏறத்தாழ அவர் பாடத்தின் மூன்றாம் கைப் பிரதியாகத்தான் இருக்கும். ஆனால் இது இப்போதைய வேலைக்கு அல்ல, பிற்பாடு சென்னை, பெங்களூரு பக்கம் அனலிஸ்ட் வேலைக்குப் போக நினைத்தால்.

படிப்பு என்றே எடையாக ஒன்று வேண்டும், இரண்டு மூன்று வருடம் ஆனாலும் பரவாயில்லை என்றால் சி.எம்.ஏ. (இது பேங்க் படிவம் அல்ல, காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர்மீடியட்டில் பட்டதாரிகள் நேராகச் சேரலாம். அதை நடத்தும் நிறுவனத்துக்குக் கோயம்புத்தூரில் கிளை இருக்கிறது. உற்பத்திக் கம்பெனியில் இருப்பவருக்கு அது பொருத்தம். தம்பி, தங்கை யாராவது இன்னும் கல்லூரியில் இருந்தால் 'நான் முதல்வன்' திட்டத்தில் வரும் பாடங்களைச் சும்மா மார்க்குக்காக முடித்துவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளியே கற்றுக்கொள்ள நினைத்தால் சென்னையில் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் சில நாள் பயிற்சிகள் நடத்துகிறது. அறிவிப்பு அவ்வப்போது பேப்பரில் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க வராது, எதிரில் ஒரு ஆள் இருந்தால்தான் ஓடும் என்பவர்கள் உண்டு. அதில் தப்பே இல்லை. அப்படியென்றால் சென்டரில் சேருங்கள், ஆனால் முழுப் படிப்பிலும் வேண்டாம். எக்செல் பகுதியை மட்டும் தனியாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். டெமோ வகுப்புக்குப் போகும்போது உங்கள் ஃபைல் ஒன்றைப் பெயர்களை மாற்றி எடுத்துப் போய், "இதில் பாக்கியை 30, 60, 90 நாளாகப் பிரித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வெறும் ஷீட்டைத் திறந்து உங்கள் எதிரில் செய்து காட்டுகிறவர் நல்ல வாத்தியார். "அதெல்லாம் அட்வான்ஸ்டு மாட்யூலில் வரும்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

கட்டணத்திலும் இரண்டு விஷயம் பாருங்கள். 45,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? இத்தகைய பயிற்சிக்கு 18 சதவீதம். சேர்க்காமல் என்றால் 53,100 ஆகிவிடும். அக்கவுண்ட்ஸ்காரரான நீங்கள் பில் கேட்காமல் பணம் கட்டினால் நன்றாக இருக்காது. அடுத்து, "மாதத் தவணையாகக் கட்டலாம்" என்றால் யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். சில இடங்களில் அது சென்டரின் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுத்த கடன். சென்டருக்கு முழுப் பணமும் முதல் நாளே போய்விடும். நீங்கள் இரண்டாம் மாதம் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது, சிபில் ஸ்கோரிலும் ஏறும். கையெழுத்துப் போடும் முன்னால் மேலே சொன்ன ரேட் ஃபார்முலாவை அதற்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இப்போது ஏ.ஐ. இருக்கிறதே, ஃபார்முலாவை அதனிடமே கேட்டுக்கொள்ளலாமே என்று ஆபீஸில் யாராவது சொல்லுவார்கள். தாராளமாகக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அது கொடுக்கும் ஃபார்முலாவை, விடை உங்களுக்கே தெரிந்த நாலைந்து வரிசையில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அந்த 0457-ம் 457-ம் உங்கள் ஃபைலில் இருப்பது அதற்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்போது படிப்பது என்பதையும் யோசித்து வையுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி என்றால் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதி 3பி. அந்த இடைவெளியில் புதுப்பாடம் எதுவும் மண்டையில் ஏறாது. 21 முதல் மாதக் கடைசி வரை புதிதாகப் படியுங்கள். 14-ஆம் தேதி 2பி வந்ததும் படித்ததை அதில் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் இப்படி ஓடினால், அந்தச் சென்டர் வேண்டுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, சான்றிதழ் இல்லாமல் வேறு கம்பெனியில் எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுக்க நான் உட்கார்ந்திருக்கும் இடங்களில் சான்றிதழைப் புரட்டுவோம், அவ்வளவுதான். பிறகு லேப்டாப்பைத் திருப்பி ஒரு குளறுபடியான லெட்ஜரைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கொடுப்போம். முதலில் ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்கிறாரா, மொத்தம் டேலியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாரா, இல்லை நேராக ஃபார்முலா அடிக்க ஆரம்பிக்கிறாரா என்பதில் பாதி முடிவு வந்துவிடும். நீங்களே செய்த இரண்டு ஷீட், ஒரு காஸ்டிங், ஒரு ஏஜிங், கையில் கொண்டுபோனால் நல்லது. ஆனால் கம்பெனி ஃபைலை அப்படியே காட்டிவிடாதீர்கள். பையர் பெயர், விலை, ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மறைத்து வைத்த ஷீட் எதுவும் உள்ளே மிஞ்சியிருக்கிறதா என்று கீழே ஷீட்டின் பெயர் இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, அன்ஹைட் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.